அடுக்களை ரெனோவேஷன்: எந்த வேலை முதலில், எது பிறகு? (10×8 அடி, இரண்டாவது மாடி ஃப்ளாட்)

மடிப்பாக்கம்_மாடி

வணக்கம். 18 வருடப் பழைய அபார்ட்மென்ட். அடுக்களை உள்அளவு 10 அடிக்கு 8 அடி, எல் வடிவ மேடை. இப்போது இருப்பது கடப்பா தட்டு, கருப்பு கிரானைட், ஜிஐ (இரும்பு) பைப், ஒரே ஒரு 15 ஆம்ப் பாயின்ட். புதிதாக வரவேண்டியவை: ஹாப் (மேடையில் பதிக்கும் அடுப்பு), சிம்னி, டிஷ்வாஷர், ஆர்ஓ, கீழேயும் மேலேயும் மாடுலர் கேபினெட், தரை டைல்ஸ், மேடைக்கு மேல் சுவர் டைல்ஸ், பெயின்ட். அடுப்பு அக்னி மூலையிலேயே இருக்கவேண்டும் என்பது வீட்டில் முடிவான விஷயம், அதில் பேச்சில்லை.

மேஸ்திரி "மேடையைப் போட்டுட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும்" என்கிறார். மாடுலர்காரர் "மேடையே போடாதீங்க சார், தரையை முடிச்சுட்டு கூப்பிடுங்க" என்கிறார். எலக்ட்ரீஷியன் "பாயின்ட் எங்கெங்கேன்னு சுவத்துல சாக்பீஸ்ல போட்டு வைங்க, வந்து வெட்டிடறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வரிசை எப்படிப் போகவேண்டும்?

---

செங்கல்சூளை

மூன்று பேரும் அவரவர் வேலையை வைத்துச் சரியாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் மூவருக்கும் தேவையான தகவல் உங்களிடம்தான் இருக்கிறது, அது இன்னும் முடிவாகவில்லை. கடைசியாக வந்து உட்காரும் பொருள்தான் முதல் நாள் வெட்டும் இடத்தை முடிவு செய்கிறது. அதனால் சுத்தியல் எடுப்பதற்கு முன்னால் ஹாப், சிம்னி, சிங்க், டிஷ்வாஷர், ஃப்ரிட்ஜ், ஆர்ஓ எல்லாவற்றுக்கும் மாடல் நம்பர் வரை முடிவாகவேண்டும். வாங்கிவிடவேண்டும் என்று இல்லை. அந்தந்தக் கம்பெனியின் இன்ஸ்டலேஷன் தாளில் அளவு, கட்-அவுட், பாயின்ட் இடம் எல்லாம் இருக்கும். அதைப் பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நான்கு சுவரையும் தனித்தனியே நேர்முகமாக வரையுங்கள். மேலிருந்து பார்க்கும் பிளான் மட்டும் போதாது, குழாயும் ஸ்விட்சும் உயரத்தில்தான் தகராறு செய்யும்.

வரிசை என்று கேட்டால்: அசோசியேஷனுக்குத் தகவல், தற்காலிக அடுப்புக்கு இடம், இடிப்பு, சிம்னிக்கு கோர் கட்டிங் (சுவரில் வட்ட ஓட்டை), பிளம்பிங், எலக்ட்ரிகல் காடி (வயருக்காகச் சுவரில் வெட்டும் பள்ளம்), டெஸ்ட், காடி மூடிப் பூச்சு, க்யூரிங் (தண்ணீர் காட்டி இறுக விடுவது), தரை, சீலிங்குக்கும் மேல்சுவருக்கும் பட்டி, பிரைமர், முதல் கோட். அதற்குப் பிறகு மேடை வகையைப் பொறுத்து வரிசை மாறும், அதைத் தனியாகப் பேசலாம்.

இடித்து முடித்த அன்றே செய்யவேண்டிய ஒரு காரியம் உண்டு. டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து நான்கு சுவரிலும் ஒரே மட்டக்கோடு அடியுங்கள், முடிந்த தரையிலிருந்து சரியாக 1 மீட்டர். முடிந்த தரை என்றால் புது டைல்ஸின் மேல் முகம், ஹால் தரையோடு சேரும் மட்டம். மேஸ்திரிகள் வழக்கமாக இடித்த தரையிலிருந்து டேப் பிடிப்பார்கள். அடியில் போடும் பெடிங் கலவையும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை முதல் இரண்டு இஞ்ச் ஏறும். 33 இஞ்ச் என்று போட்ட மேடை கடைசியில் 31-ல் நிற்கும். கோடு இருந்தால் பிளம்பர், எலக்ட்ரீஷியன், கார்பென்டர் எல்லோரும் அதிலிருந்து மேலே இத்தனை, கீழே இத்தனை என்று அளப்பார்கள். பட்டி போடும்போது அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

குழாயடி

பிளம்பிங் பக்கம் சொல்றேன்.

ஜிஐ பைப்பை பாதி வெட்டி பாதியோட சிபிவிசி (பிளாஸ்டிக் பைப்) சேர்க்காதீங்க. பைப் எல்லாம் இறங்கற ஷாஃப்ட்ல வால்வு இருக்கிற இடத்திலேருந்தே மாத்திடுங்க, முக்கால் இஞ்ச் எஸ்டிஆர் 11 (பைப்போட தடிமன் வகை). சேரும் இடத்துல பித்தளைத் திருகு வச்ச அடாப்டர். டெஃப்லான் சுத்தி கையால முறுக்கி, ரெஞ்ச்ல ஒரு சுத்து. அதுக்கு மேல முறுக்கினா அடாப்டர் விரியும், அன்னைக்கு ஒழுகாது, மூணு மாசம் கழிச்சு ஒழுகும்.

சிங்க் வேஸ்ட் அவுட்லெட் எந்த உயரம்னு யாரும் கணக்குப் போடறதில்லை. பழைய சிங்க் 7 இஞ்ச் ஆழம், புதுசு எல்லாம் 9, 10 இஞ்ச். மேடை 34 இஞ்ச்னா, கிரானைட் முக்கால், சிங்க் 9 போக அடிமட்டம் 24-ல நிக்கும். அதுக்குக் கீழே கப்ளிங், பாட்டில் டிராப் (நாத்தம் மேல வராம தண்ணி தேங்கி நிக்கிற பாகம்) எல்லாம் உக்காரணும். சுவர்ல அவுட்லெட் தரையிலேருந்து 15, 16 இஞ்சுக்கு மேல இருந்தா தண்ணி டிராப்லேருந்து ஏறிப் போகணும். போகாது. 50 எம்எம் பைப், அடிக்கு கால் இஞ்ச் சரிவு.

டிஷ்வாஷருக்கு தண்ணி ஆங்கிள் காக்கும் வேஸ்ட்டும் அதுக்குப் பின்னாடி சுவர்ல வைக்கவே கூடாது. மெஷின் 60 செமீ ஆழம், மேடையும் 60. பின்னாடி காக் துருத்திக்கிட்டு இருந்தா மெஷின் வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டையும் பக்கத்து சிங்க் கேபினெட்டுக்குள்ள வைங்க, ஹோஸ் பக்கவாட்டுல வரட்டும். வேஸ்ட் ஹோஸை மேடையின் அடிவரை தூக்கிக் கட்டி அப்புறம் டிராப்புக்கு இறக்குங்க. இல்லேன்னா சிங்க் அழுக்குத்தண்ணி மெஷினுக்குள்ள திரும்பும்.

அடுத்தது எல்போ. பித்தளை எல்போவின் வாய், முடிந்த டைல்ஸ் முகத்தோடு சமமா இருக்கணும். வெறும் செங்கல் தெரியற நிலைமையில வைக்கும்போது பூச்சு 12-15 எம்எம், டைல்ஸும் பசையும் 12 எம்எம், ஆக 25 எம்எம் வெளியே நீட்டி வைக்கணும். கலவையில டைல்ஸ் ஒட்டறதுன்னா இன்னும் 10 எம்எம் கூட்டிக்குங்க. உள்ளே போயிடுச்சுன்னா எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போடுவாங்க, ஒழுக்குக்கு ஒரு ஜாயின்ட் கூடுதல். எந்த முறையில டைல்ஸ் ஒட்டப்போறீங்கன்னு பிளம்பர் கேக்கலேன்னா நீங்களே சொல்லிடுங்க.

டெஸ்ட்: சால்வென்ட் ஒட்டி ஒரு நாள் விட்டு, கை பம்ப் வச்சு பிரஷர் ஏத்தி ஒரு மணி நேரம் முள் இறங்குதான்னு பாக்கணும். அதுவரைக்கும் காடியை மூடவிடாதீங்க. மூடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் டேப் வச்சு போட்டோ எடுத்து வைங்க. பின்னாடி மேல் கேபினெட்டுக்கு டிரில் போடறவருக்கு அந்த போட்டோதான் வேணும்.

---

மின்கம்பி

சாக்பீஸ் கோடு போடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்தக் கோடு மாடுலர்காரரின் வரைபடத்திலிருந்து வரவேண்டும். கேபினெட்டின் பக்கப் பலகை வரும் இடத்தில் ஸ்விட்ச் பாக்ஸ் வைத்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்யமுடியாது.

உங்கள் அடுக்களைக்கு: டிஷ்வாஷர், இண்டக்‌ஷன், மைக்ரோவேவ் அல்லது ஓடிஜி, இந்த மூன்றுக்கும் தனித்தனி 16 ஆம்ப் சர்க்யூட். 2.5 ஸ்கொயர் எம்எம் போதும் என்பார்கள், நான் 4 போடச் சொல்வேன், ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்ப் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்). டிபி-யிலிருந்து (எம்சிபி எல்லாம் இருக்கும் பெட்டி) நேராக இழுக்கவேண்டும். பழைய 15 ஆம்ப் பாயின்டிலிருந்து லூப் எடுத்து மூன்றையும் ஓட்டினால் இட்லி ஊற்றும் நேரத்தில் எம்சிபி விழும். மிக்ஸி, கிரைண்டருக்கு 6 ஆம்ப் சாக்கெட் தாராளம்: மிக்ஸி 750 வாட், டேபிள்டாப் கிரைண்டர் 150 வாட் சுமார். ஃப்ரிட்ஜுக்குத் தனி எம்சிபி. ஒட்டுமொத்தமாக 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக அணைக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் அடுக்களை வயரிங்கை முடிக்காதீர்கள், ஈரக்கை புழங்கும் இடம்.

மேடைக்கு மேல் சாக்கெட் என்றால் மேடையிலிருந்து 8 முதல் 10 இஞ்ச். குழாயிலிருந்து பக்கவாட்டில் 2 அடி தள்ளி. ஹாப்புக்கு நேர் மேலே எதுவும் கூடாது. சிம்னி பாயின்ட் 7 அடிக்கு மேல், டக்ட் மூடியின் ஓரம். டிஷ்வாஷர் சாக்கெட் பக்கத்துக் கேபினெட்டுக்குள், அதன் ஸ்விட்ச் மேடைக்கு மேலே கைக்கெட்டும் இடத்தில்.

குழாயடி அண்ணன் எல்போவுக்குச் சொன்ன கணக்கு மெட்டல் பாக்ஸுக்கும் அப்படியே பொருந்தும். பாக்ஸ் உள்ளே போனால் பிளேட் ஸ்க்ரூ எட்டாது. நீள ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் பிளேட் வளையும்.

கான்க்ரீட் தூணிலும் பீமிலும் காடி வெட்ட விடாதீர்கள். நாலரை இஞ்ச் சுவரில் படுக்கைவாட்டில் நீளமாக வெட்டுவதும் ஆபத்து. மேலிருந்து நெட்டுக்குத்தாக இறக்குங்கள். இரண்டு கட் மெஷினில் போட்டுவிட்டு நடுவில் உளியால் எடுத்தால் சுவர் அதிராது. மூடும்போது காடியின் மேல் கோழிவலை அடித்துப் பூசவேண்டும், இல்லையென்றால் பெயின்டுக்கு மேல் கோடு கோடாக விரிசல் வரும்.

---

மடிப்பாக்கம்_மாடி

மிக்க நன்றி. டிஷ்வாஷர் 85 செமீ உயரம் என்று போட்டிருக்கிறது. மேடையை 33 இஞ்ச் வைக்கலாம் என்று இருந்தோம், சமைப்பவர் உயரம் 5 அடி 2. இது ஒத்துவருமா? மேடை கான்க்ரீட்டில் போடுவதா, கேபினெட் மேலேயே கிரானைட் வைப்பதா?

---

பலகைவாசி

ஒத்துவராது, இப்போதே கேட்டது நல்லதாயிற்று.

85 செமீ என்றால் 33.5 இஞ்ச். கால் திருகி மட்டம் பிடிக்க அரை இஞ்ச் விட்டால் 34. மேஸ்திரி சொல்கிற மேடை என்றால் ஸ்லாப் இரண்டரை முதல் 3 இஞ்ச், கலவை முக்கால், கிரானைட் முக்கால். கூட்டிப் பாருங்கள், மேடையின் மேல்முகம் 38 இஞ்சைத் தொடும். 5 அடி 2 உயரத்துக்கு 33 சுகம், 34 சமாளிக்கலாம், 38-ல் நின்று சப்பாத்தி தேய்க்க முடியாது. ஸ்லாப் இல்லாமல் கிரானைட்டை நேரடியாகக் கேபினெட் மேல் உட்கார வைத்தால் 34 முக்காலில் முடியும். பல மாடல்களில் மேல் மூடியைக் கழற்றினால் 82 செமீக்கு இறங்கும், அப்போது சுமார் 33 அரை. உங்கள் மாடலில் கழற்றலாமா என்று தாளில் பாருங்கள்.

கார்கஸ் (கதவில்லாத கேபினெட் பெட்டி) மேல் கிரானைட் என்றால் வரிசை இப்படி: தரை முழுக்க டைல்ஸ், சுவர் வரை, கேபினெட் வரும் இடத்தையும் விடாமல். அதன் பிறகு ஃபைனல் அளவு. கீழ் கார்கஸ் மட்டும் வந்து மட்டம் பிடித்து நிற்கும். கிரானைட் வந்து உட்காரும். பிறகு சுவர் டைல்ஸ் கிரானைட்டின் மேல் அமரும். கிரானைட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தை டைல்ஸின் தடிமன் மறைத்துவிடும். இதை மாற்றி முதலில் டைல்ஸ் ஒட்டினால் அந்தச் சந்து வெளியே தெரியும், தண்ணீர் அதில் இறங்கி பிளையின் பின்பக்கத்துக்குப் போகும். டைல்ஸுக்குப் பிறகு மேல் கேபினெட், கடைசியில் கதவுகள். கதவையும் டிராயரையும் முதலிலேயே மாட்டினால் கிரானைட் கட்டிங் தூசி டிராயர் ஓடும் டேண்டம் சேனலுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அளவை எப்போது எடுப்பது என்பதில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். தயாரிப்புக்கு நான்கு வாரம் வரை ஆகும் என்பதால் இடித்த உடனே அளந்து ஆர்டர் போடச் சொல்வார்கள். பூச்சு முடிந்ததும் ஒரு தோராய அளவு கொடுத்து ஹார்டுவேர், லேமினேட் எல்லாம் புக் செய்யலாம். பலகை வெட்டுவது மட்டும் தரை முடிந்த பிறகுதான். மூலை சதுரமாக இருக்கிறதா என்று 3-4-5 (ஒரு சுவரில் 3 அடி, மற்றதில் 4 அடி, குறுக்கே 5 அடி) பிடித்துப் பாருங்கள். பழைய கட்டடத்தில் 10 அடிக்கு முக்கால் இஞ்ச் தள்ளியிருப்பது சாதாரணம். மூலையில் 40, 50 எம்எம் ஃபில்லர் பட்டை விட்டால் தப்பிக்கலாம். அது இல்லாவிட்டால் மூலை டிராயர் பக்கத்து ஹாண்டிலில் இடிக்கும்.

சிங்க் கேபினெட்டுக்கு மட்டுமாவது ஐஎஸ் 710 முத்திரை உள்ள பிடபிள்யூபி (கொதிநீர் தாங்கும்) பிளை. எம்டிஎஃப் (மரநார் பலகை) அங்கே வேண்டவே வேண்டாம். பின் பலகையில் பைப்புக்கு ஓட்டை போட்ட இடத்தின் விளிம்பையும் சீல் செய்யச் சொல்லுங்கள், யாரும் செய்வதில்லை.

---

செங்கல்சூளை

பலகைவாசி சொன்ன உயரக் கணக்கு சரி. ஆனால் நம் ஊர் அடுக்களையில் சிவில் மேடையை (மேஸ்திரி போடும் கான்க்ரீட் மேடை) அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது. கிரைண்டர், தேங்காய் உடைப்பது, குக்கரைத் 'டம்' என்று இறக்குவது, வெள்ளிக்கிழமை தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, இவ்வளவையும் பிளை கார்கஸ் பதினைந்து வருடம் தாங்குமா என்பது கேள்விதான். சிவில் மேடையென்றால் கதவு கெட்டால் கதவை மட்டும் மாற்றலாம்.

இரண்டையும் கலக்கலாம். சிங்க், அடுப்புப் பக்கம் இரண்டு இஞ்ச் ஸ்லாப் அல்லது கடப்பா தாங்கலோடு சிவில். டிஷ்வாஷர் வரும் 62 செமீ அகலத்தில் மட்டும் ஸ்லாப்பை நிறுத்திவிட்டு, இருபுறமும் உள்ள குத்துச்சுவர் மேல் கிரானைட்டை நேரே தாண்டவிடுங்கள். பின்பக்கம் சுவரில் ஒரு எஸ்எஸ் ஆங்கிள். 20 எம்எம் கல் அந்த அகலத்தைத் தாண்டும்.

---

பலகைவாசி

மேல்முகம் ஒரே மட்டம்தானே? டிஷ்வாஷர் இடத்தில் 34 முக்கால் என்றால் சிவில் பக்கமும் 34 முக்கால்தான். ஹாப் என்பதால் பரவாயில்லை, கல்லுக்கு மேல் கொஞ்சம்தான் நிற்கும். சாதா மூன்று பர்னர் அடுப்பாக இருந்தால் அது இன்னும் நான்கைந்து இஞ்ச் ஏறும், பெரிய பாத்திரத்தில் கிளறத் தோள் வலிக்கும். அப்படியென்றால் அடுப்புப் பகுதியை மட்டும் இறக்கிப் போடவேண்டிவரும். தரை கழுவுவதற்கு 4 இஞ்ச் பிவிசி கால் போதும், கார்கஸ் தரையைத் தொடாது. ஸ்கர்ட்டிங் கிளிப்பில் மாட்டியது, கழற்றிக் கழுவி மாட்டலாம்.

---

செங்கல்சூளை

கால் பிவிசிதான். ஆனால் கேபினெட்டின் பக்கப் பலகையின் கீழ் விளிம்பில் எட்ஜ் பேண்ட் (விளிம்பை மூடும் பட்டை) ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள். மற்றபடி கார்கஸ் முறைக்கு எனக்கு மறுப்பில்லை. இந்த வீட்டில் டிஷ்வாஷர் இருப்பதால் உங்கள் வரிசையே எளிது.

---

கல்லறுப்பு

கிரானைட்டுக்கு மூணு விஷயம்.

சிங்கும் ஹாப்பும் கையில இருக்கும்போதுதான் கல் வெட்டணும். கேட்லாக் அளவை வச்சு வெட்டாதீங்க. அண்டர்மவுன்ட் (கல்லுக்கு அடியில மாட்டற) சிங்க்னா ஓட்டையின் விளிம்பும் பாலிஷ் ஆகணும், அது சைட்ல சரியா வராது, கடையிலேயே முடிச்சு வரணும்.

எல் வடிவத்துல ஜாயின்ட் எங்கேன்னு முன்னாடியே பேசுங்க. சிங்க் ஓட்டையிலயோ ஹாப் ஓட்டையிலயோ குறுக்கே வராம மூலையில வரட்டும். ஓட்டையின் முன்பக்கம் மிச்சம் நிக்கிற 3 இஞ்ச் பட்டைதான் தூக்கும்போது உடையும், அதுக்கு அடியில தாங்கு பட்டை ஒட்டித் தூக்கச் சொல்லுங்க.

9, 10 அடி நீளக் கல் லிஃப்ட்ல ஏறாது. படியில திரும்புமான்னு லேண்டிங்கை அளங்க. திரும்பாதுன்னா ஜாயின்ட் இடம் மாறும். முன் விளிம்பின் அடியில ஒரு சின்ன காடி இழுக்கச் சொன்னா தண்ணி கதவு மேல வழியாம சொட்டிடும்.

---

மடிப்பாக்கம்_மாடி

சுவர் டைல்ஸ் மேல் கேபினெட்டுக்குப் பின்னாலும் போடவேண்டுமா? சிலிண்டர் எங்கே வைப்பது? எங்கள் தெருவுக்குக் குழாய் கேஸ் இன்னும் வரவில்லை.

---

செங்கல்சூளை

மேடையிலிருந்து மேல் கேபினெட்டின் அடி வரை 24 இஞ்ச், அதைத் தாண்டி 2 இஞ்ச் ஏற்றி நிறுத்தினால் போதும். வெட்டிய விளிம்பு கேபினெட்டுக்குள் மறையும். ஆனால் கேபினெட்டின் கீழ்ப்பாகம் டைல்ஸ் மேலும் மேல்பாகம் வெறும் சுவர் மேலும் இருக்கும், 12 எம்எம் வித்தியாசம். மேலே அதே தடிமனில் பிளை பட்டை அடித்து ஈடுகட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் கேபினெட் பின்னால் சாய்ந்து நிற்கும். சிம்னி வரும் இடத்தில் மட்டும் டைல்ஸை சிம்னியின் உயரம் வரை கொண்டுபோங்கள், எண்ணெய்ப்பிசுக்கு பெயின்டில் ஏறினால் போகாது.

சிம்னி கோர் கட்டிங்கை டைல்ஸுக்கு முன்பே முடிக்கவேண்டும். டக்ட் 6 இஞ்ச், ஓட்டை ஆறரை, 7. பீமின் அடி எங்கே வருகிறது என்று வெளியிலிருந்தும் பாருங்கள். வெளிச்சுவர் என்பதால் அசோசியேஷனில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஹாப்புக்கும் சிம்னிக்கும் இடைவெளி தாளில் எவ்வளவு போட்டிருக்கிறதோ அதுதான், பெரும்பாலும் 65 முதல் 75 செமீக்குள் இருக்கும். டக்டில் ஒவ்வொரு வளைவும் இழுப்பைக் குறைக்கும், ஒரே வளைவில் வெளியே போகட்டும்.

---

குழாயடி

சிலிண்டர் கேபினெட்டுக்குள்ளன்னா உள் அகலம் 40 செமீயாவது வேணும், அடிப்பலகை கூடாது, டிராலியோட உருட்டி எடுக்கணும். கதவின் கீழ்ப்பக்கம் காத்துப்போக்கி. எல்பிஜி காத்தைவிட கனம், கீழேதான் தேங்கும். மேலே மட்டும் ஓட்டை போட்டுப் பிரயோஜனமில்லை. அந்தக் கேபினெட்டுக்குள்ள சாக்கெட், ஸ்விட்ச் எதுவும் வரக்கூடாது. டிஷ்வாஷர் சாக்கெட்டை அங்கே வச்சுடப் போறீங்க, பாத்துக்குங்க. ஐஎஸ்ஐ முத்திரை போட்ட ஆரஞ்சு ஹோஸ், ஒன்றரை மீட்டருக்குள்ள. சுவருக்குள்ள புதைக்கக் கூடாது. பால்கனியில சிலிண்டர்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா காப்பர் லைன் போடுங்க.

---

மடிப்பாக்கம்_மாடி

கடைசியாக ஒன்று. இப்போது ஆவணி. தீபாவளிக்கு முன் முடிந்துவிடுமா?

---

பலகைவாசி

இடிப்பு 3 நாள், பிளம்பிங்கும் எலக்ட்ரிகலும் டெஸ்டோடு ஒரு வாரம், பூச்சும் க்யூரிங்கும் 10 நாள், தரையும் முதல் கோட் பெயின்டும் ஒரு வாரம். அங்கேயே நான்கு வாரம் போயிற்று. அதன் பிறகு அளவு, தயாரிப்பு மூன்று நான்கு வாரம், மாட்ட ஒரு வாரம், நடுவில் கிரானைட்டும் டைல்ஸும் 4 நாள். ஆக ஒன்பது, பத்து வாரம். ஆவணி தொடக்கத்தில் இடித்தாலே இழுபறிதான்.

தயாரிப்பு நடக்கும் வாரங்களில் வீட்டில் வேலை எதுவும் இருக்காது. அந்த நாட்களில் பழைய சிங்க்கை இரண்டு ஸ்டாண்டில் தற்காலிகமாக மாட்டிச் சமைக்கலாம். பாயின்ட் எல்லாம் உயிரோடு இருக்கும், தரை முடிந்திருக்கும், மேலே அட்டையோ ஜிப்சம் ஷீட்டோ விரித்துக்கொள்ளுங்கள்.

---

செங்கல்சூளை

தீபாவளிக்காகக் க்யூரிங்கில் கைவைக்காதீர்கள், வெட்டுவது என்றால் எல்லோரும் அதைத்தான் வெட்டுவார்கள். பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் காட்டவேண்டும், பிறகு காயவேண்டும். ஈரம் உள்ள சுவரில் கேபினெட்டைச் சாத்தினால் பின்பலகையில் பூஞ்சை பிடிக்கும், ஐப்பசி மழையில் வாசனையே சொல்லிவிடும். இடிப்பைத் தீபாவளி கழித்து வைத்துக்கொண்டு, இந்த இரண்டு மாதத்தில் மாடல் தேர்வு, வரைபடம், அனுமதி எல்லாவற்றையும் முடிக்கலாம். கார்த்திகையில் சுவர் காய நேரம் எடுக்கும், அதற்கு ஒரு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். தையில் பால் காய்ச்சிவிடலாம்.

---

மின்கம்பி

கடைசி வாரத்துக்கு மட்டும் ஒரு குறிப்பு. கிரானைட் ஓரத்திலும் சிங்க் விளிம்பிலும் சிலிக்கான் போட்ட பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. ஹாப், சிம்னி, டிஷ்வாஷர் மூன்றுக்கும் கம்பெனி ஆட்கள் மூன்று வேறு வேறு நாளில்தான் வருவார்கள். சிலிக்கான் போட்ட மறுநாளிலிருந்து புக் செய்யுங்கள், டிஷ்வாஷர்காரர் வரும்போது தண்ணீர் விட்டுப் பார்க்கவேண்டும். ஃபைனல் கோட் பெயின்ட் அவர்கள் எல்லோரும் போன பிறகு.